பச்சைத் தண்ணி கொதிக்கும் வரை

தண்ணி இன்னும் கொதிக்கல. ஒரு லிட்டர்கூட இல்ல, முக்கா லிட்டர், அலுமினியப் பாத்திரம், அடுப்பு முழுத் தீயில எரியுது, ஆனாலும் அடியில நாலு குமிழி ஒட்டிக்கிட்டு இருக்கே தவிர வேற ஒரு அசைவும் இல்ல. இப்படிப் பச்சைத் தண்ணிய அடுப்புல வச்சு அதும் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு நின்னு ஆறு வருஷம் ஏழு மாசம் ஆச்சு. அதெப்படி அவ்வளவு கரெக்டா சொல்றேன்னா, கல்யாணம் ஆன நாலாம் மாசம், மே மாசத்துல ஒரு வாரம் லீவு போட்டு, குளியலறைக் கீசர்லேர்ந்து இந்த அடுப்படி வரைக்கும் நான்தான் என் கையால லைன் இழுத்தேன். அன்னிலேர்ந்து இந்த ரயில்வே குவார்ட்டர்ஸ்ல எங்க வீட்டுல மட்டும் யாரும் தண்ணி கொதிக்கக் காத்துக்கிட்டு நிக்கிறதில்ல. குழாயத் திறந்தா ஆவி பறக்கும். டிகாஷனுக்கு அதுதான், சோத்து உலைக்கு அதுதான், உப்புமா கிண்ட அதுதான், மாவு பிசைய அதுதான், ஜெனோவுக்குத் தொண்டை கட்டினா குடிக்கவும் அதுதான். ஜெனோ என் பொண்டாட்டி. முழுப் பேரு ஜெனோவா. எதிர்வீட்டு அக்காவக் கூட்டிட்டு வந்து அவ இந்தக் குழாயத் திறந்து காட்டினதை நான் குளியலறைக்குள்ள நின்னு கேட்டிருக்கேன். எங்க வீட்டுக்காரர் போட்டது அக்கா, அவரு கை பட்டா ஒழுகாது. அப்படிச் சொன்னா. எனக்கு அன்னிக்குத் தலைகால் புரியல, ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிச்சேன். இப்ப மணி ஆறு அஞ்சு. இந்நேரம் அவ தலைமாட்டுல டம்ளரை வச்சுட்டு நான் ஷேவ் பண்ணிக்கிட்டு இருக்கணும். ஆறரைக்கு முதல் சங்கு ஊதிடும், ஏழுக்கு ஒர்க்‌ஷாப்புக்குள்ள இருக்கணும். தண்ணிக்கு அதெல்லாம் தெரியுமா, அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கு.

பன்னிரண்டு ஜாயிண்ட். இங்க நின்னு பார்த்தா ஏழு தெரியுது, மீதி அஞ்சு செவுத்துக்கு அந்தப் பக்கம். அரை இஞ்ச் செம்புக் குழாய். ஒவ்வொரு முனையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பசை தடவி, ப்ளோலேம்ப்புல சூடு காட்டி, பத்தவைக்கிற சால்டர் கம்பிய ஓரத்துல தொட்டாப் போதும், அது தானா உள்ள ஓடும், சுத்தி ஒரு வெள்ளி மோதிரம் போட்ட மாதிரி வளையம் விழும். அதைப் பார்க்கிற சந்தோஷம் வேற எந்த வேலையிலயும் கிடையாது. எனக்கு ரேடியேட்டர் செக்‌ஷன்ல பதினாறு வருஷ சர்வீஸ். டீசல் இன்ஜின் ரேடியேட்டர் எங்க ஒழுகினாலும் இன்னாசிமுத்துவக் கூப்பிடுன்னுதான் முதல்ல சொல்வாங்க. சால்டர்ல என்ன இருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அறுபது பங்கு வெள்ளீயம், நாப்பது பங்கு காரீயம். காரீயம் விஷம். அதுவும் தெரியும். தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்ல, அதுதான் இதுல இருக்கிற அசிங்கம். தெரிஞ்சதனாலதான் சாப்பாட்டு மணி அடிச்சா ரெண்டு தடவை கை கழுவுவேன். கூட வேலை பார்க்கிற பாக்கியநாதன் கையை பேண்ட்டுல துடைச்சுட்டு வடைய எடுத்தா, ஏன்டா உன் வீட்டுல சோப்பே வாங்குறதில்லையான்னு கேட்பேன். யூனிஃபார்மை அங்கயே கழட்டித் தனிப் பையில போட்டு, வீட்டுக்கு வந்து தனி வாளியில ஊறவச்சு நானே துவைப்பேன். ஜெனோ துணியோட சேர்க்க விடமாட்டேன். அவ கிண்டல் பண்ணுவா, என்னங்க, உங்க சட்டைக்கு என்ன தீட்டான்னு. அவ்வளவு ஜாக்கிரதைக்காரன். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்து, அதே கையால, பன்னிரண்டு எடத்துல காரீயத்தை உருக்கி ஊத்தி, அதும் வழியா ராத்திரி முழுக்க ஊறுன சுடுதண்ணிய வடிச்சு, காலையில காப்பி போட்டுக் குடுத்திருக்கேன். ஒரு நாளா ரெண்டு நாளா.

தெரிஞ்சும் தெரியலன்னா அது எப்படி இருக்கும்னு நேத்துதான் புரிஞ்சுது. வருஷத்துக்கு ஒரு தடவை பாதுகாப்பு வகுப்புன்னு ஒண்ணு நடக்கும். அரை மணி நேரம். நாங்க டீக்கும் பிஸ்கட்டுக்கும் போய் உட்காருவோம். நேத்து வந்த நர்சம்மா புதுசு, நிதானமாப் பேசினாங்க. ரேடியேட்டரை முக்கிப் பார்க்கிற சோதனைத் தொட்டித் தண்ணியில கையை விட்டா உடனே கழுவணும், சுடுதண்ணியா இருந்தா ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், பச்சைத் தண்ணிய விடச் சுடுதண்ணி காரீயத்தை அதிகமா இழுத்துக்கும், அதுவும் நின்னு ஊறுன தண்ணின்னா கேட்கவே வேணாம்னாங்க. பாக்கியநாதன் எழுந்து, "அந்தத் தண்ணிய யாரு மேடம் குடிக்கப் போறா?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நான்தான் ரொம்பச் சத்தமாச் சிரிச்சேன். அந்தம்மா சிரிக்கல. "வீட்டுல மாசமா இருக்கிறவங்க இருந்தா இன்னும் முக்கியம். வயித்துல தங்காமப் போறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். சந்தேகமா இருந்தா ரத்தம் குடுத்துப் பார்த்துடுங்க, தெரிஞ்சுடும்"னாங்க. நான் தலையாட்டினேன். என் யூனிஃபார்மை நெனச்சுக்கிட்டேன், தனி வாளிய நெனச்சுக்கிட்டேன், நாம கரெக்டாத்தான் இருக்கோம்னு ரெண்டாவது பிஸ்கட்டையும் எடுத்துக்கிட்டேன். சாயங்காலம் ரயில்வே கேட்டு சாத்தியிருந்துது. கூட்ஸ் வண்டி போய்க்கிட்டே இருக்கு. பக்கத்து டீக்கடையில மாஸ்டர் பாய்லர் குழாயத் திறந்தாரு, ஆவி பறக்கக் கிளாஸ்ல தண்ணி விழுந்துது. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே நடக்கல. அந்தத் தண்ணி விழுந்த சத்தத்துல எனக்குப் பன்னிரண்டு வளையமும் வரிசையா ஞாபகம் வந்துச்சு. கேட்டு திறந்து, பின்னாடி இருக்கிறவன் ஹாரன் அடிச்சு, யோவ் செவிடான்னு கேட்டு, சைடுல ஏறிப் போயிட்டான். நான் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணவே இல்லங்கிறது அப்புறம்தான் தெரிஞ்சுது.

குமிழி இப்ப கொஞ்சம் பெருசா வருது. ஓரத்துல ஒரு சத்தம், யாரோ தூரத்துல அரிசி புடைக்கிற மாதிரி. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் சொல்லியிருக்கணும். செருப்பைக் கழட்டும்போதே சொல்லியிருக்கணும். சொல்லல. ஜெனோ கட்டில்ல காலை நீட்டி உட்கார்ந்து பிளாஸ்க்லேர்ந்து தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தா. பதினொரு வாரம். இது மூணாவது. எங்கம்மா சலேத்தம்மாள் லால்குடியிலேர்ந்து தினம் போன் பண்ணிச் சொல்ற விஷயம் ஒண்ணே ஒண்ணு, வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டுப் பச்சைத் தண்ணிய வாயில வைக்காத, வெந்நீரா குடி, வெந்நீர்ல ஒரு கெடுதலும் வராது. மூணு தடவையும் அதைத்தான் சொன்னாங்க. மூணு தடவையும் ஜெனோ அந்த பிளாஸ்க்க இந்தக் குழாயில பிடிச்சு ரொப்பி வச்சுக்கிட்டா. சூடா இருந்தா அது காய்ச்சின தண்ணி, காய்ச்சின தண்ணின்னா சுத்தம், அவ்வளவுதான் எங்க எல்லாருக்கும் கணக்கு. கீசர்ல காஞ்சா என்ன, அடுப்புல காஞ்சா என்ன. மத்த நாள்ல ஒரு டம்ளர் காப்பியோட போயிருக்கும். மாசமா இருந்தப்பதான் நாளெல்லாம் குடிச்சிருக்கா. நேத்து நான் அவ கையிலேர்ந்து டம்ளரை வாங்கி, ஆறிப்போச்சுன்னு சொல்லி, பிளாஸ்க்கோட சேர்த்துத் தொட்டியில கொட்டினேன். "ஆறிப்போனா என்னங்க, நான் என்ன பச்சைக் குழந்தையா"ன்னா. அப்புறம் சோறு போட்டா. இந்தக் குழாய் உலையில வெந்த சோறு. எல்லாத்துக்கும் மேல, நான் சாப்பிட்டேன். ரசம் ஊத்திச் சாப்பிட்டேன். அவளும் சாப்பிட்டா. பார்த்துக்கிட்டேதான் உட்கார்ந்திருந்தேன். இன்னிக்குக் காலையில அவ எழுந்திருக்கும் முன்ன வந்து தொட்டிக்குக் கீழ இருக்கிற வால்வை அடைச்சேன். அடைச்சதும் ஒரு யோசனை வந்துச்சு, என் யோசனைதான், வேற யாரு தலையில போடுறது. கீசர் ரிப்பேர்னு சொல்லிடலாம். ஒரு வாரத்துல லைனைக் கழட்டி வித்துடலாம். யாருக்கும் தெரியாது.

ஜன்னல் வழியா அந்த மொட்டை தெரியுது. பப்பாளி மரத்தோட அடி, மக்கினது போக மீதி. நாங்க வெச்ச மரம் இல்ல, தானா முளைச்சது, முன்ன இந்த குவார்ட்டர்ஸ்ல இருந்தவங்க துப்பின கொட்டையா இருக்கும். கல்யாணமாகி ரெண்டாம் வருஷம், பத்தாவது வாரத்துல முதல் தடவை போச்சு. பெரியாஸ்பத்திரியிலேர்ந்து வந்து படுத்திருந்தா. எங்கம்மா பஸ் பிடிச்சு வந்து, பையக் கீழ வைக்கும் முன்ன கேட்டாங்க, என்னடி சாப்ட? ஜெனோ யோசிச்சு யோசிச்சு, ரெண்டு கீத்து பப்பாளி சாப்ட்டேன் அத்தைன்னா. நல்லாப் பழுத்ததா, காயான்னு கேட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுலன்னா. அவ்வளவுதான், தீர்ப்பு ஆயிடுச்சு. தெரு பூரா தெரிஞ்சுது. அன்னிக்குச் சாயங்காலமே எங்கம்மா சொல்லி நான் மரத்தை வெட்டினேன். பால் வடிஞ்சு கையெல்லாம் பிசுபிசுன்னு ஆச்சு. ஜெனோ இதே ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா. வெட்டி முடிச்சுட்டு உள்ள வந்தவன் என்ன பண்ணேன்? இந்தக் குழாயில சுடுதண்ணி பிடிச்சு, அவளுக்கு ஒரு டம்ளர் காப்பி போட்டுக் குடுத்தேன். ஆறுதலுக்கு. அவ அழுதுக்கிட்டே குடிச்சா. அதுக்கப்புறம் ஒரு நாள், தவக் காலத்துல, கோயிலுக்குப் போயிட்டு வரும்போது சொன்னா, சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணப்ப பப்பாளிய சொல்லிட்டேங்க. எனக்கு முதல்ல புரியல. பாவம்னு சொன்னியா? ஆமா. சாமியார் என்ன சொன்னாரு? அது பாவமில்லம்மான்னாரு. ஆனா மூணு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னாரு. பாவமில்லன்னா எதுக்கு மூணுன்னு அவ கேட்டா, என்கிட்ட. நான் ஸ்கூட்டர் ஓட்டிக்கிட்டு இருந்தேன். சும்மா ஒரு வழக்கத்துக்குச் சொல்லியிருப்பாருன்னேன். ஆனா அவ மூணோட நிறுத்தல. இன்னும் தினம் அந்த மூணு நடக்குது, எனக்குத் தெரியும், படுக்கும் முன்ன உதடு அசையும். அடுப்படியில ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தா ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவா. காத்து வராதே, இந்தப் பக்கம் திரும்பி உட்காரேன்னு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். மண்டு. நான்தான்.

ரெண்டாவது தடவைக்கு ஸ்கூட்டர். பதினாலாவது வாரம். என் பின்னாடி உட்கார்ந்து மார்க்கெட்டுக்கு வந்தா, வேகத்தடையில வண்டி தூக்கிப் போட்டுச்சு, மூணாம் நாள் போச்சு. இந்தத் தடவை எங்கம்மா என்னையும் சேர்த்துத் திட்டினாங்க, ஆனா பாதி திட்டு எனக்கு, மீதி அவளுக்கு, ஏறி உட்காரும்போது உனக்கு எங்கடி புத்தி போச்சுன்னு. டாக்டரம்மா அப்படிச் சொல்லல. அவங்க பேப்பரைப் புரட்டிப் பார்த்துட்டு, சில சமயம் காரணமே இருக்காது, யாரையும் குத்தம் சொல்லாதீங்கன்னாங்க. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நேத்து ரயில்வே கேட்டுலேர்ந்து கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். காரணமே இருக்காது. டாக்டரே சொல்லியிருக்காங்க. அப்புறம் எதுக்கு நான் போய் என் கழுத்தை நானே நீட்டணும்? பன்னிரண்டு வளையம், அதுல தண்ணி தொடற எடம் ஒரு நூல் அளவு. அதுலேர்ந்து எவ்வளவு வந்துடும்? எதிர்வீட்டு அக்கா வாரத்துல ரெண்டு நாள் வந்து காப்பி குடிச்சுட்டுத்தான் போறாங்க, ரெண்டு புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கு. நானும் அதைத்தானே குடிச்சேன், எனக்கு என்ன ஆச்சு? எனக்கு என்ன ஆகும், நான் என்ன புள்ளையா சுமக்கிறேன். அந்த நர்சம்மா இருக்கலாம்னுதானே சொன்னாங்க, இருக்கும்னு சொல்லலையே. சரி, இருக்கலாம். பப்பாளியும்தான் இருக்கலாம். ஆனா பப்பாளிய நாங்க இருக்கலாம்னு விட்டோமா? அறுத்துத்தானே போட்டோம். அவ மேல சாத்தும்போது இருக்கலாமே போதும், என் மேலன்னு வரும்போது மட்டும் நிரூபிக்கணுமா? நல்லா இருக்குடா இன்னாசி உன் நியாயம். ரெண்டு கீத்துப் பழம், அதுவும் பாதி பழுத்தது. அதுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேலா ஒருத்தி முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா.

டிகாஷன் பில்டர்ல பொடி போட்டு அமுக்கி வச்சாச்சு. கை அது பாட்டுக்கு வேலை செய்யுது. பக்கத்துல ஒயின் ஜாடி. கிறிஸ்மஸுக்கு முன்ன வர்ற திருவருகைக் காலம் முதல் ஞாயிறு அன்னிக்குப் போட்டது, இன்னிக்குப் பன்னிரண்டாம் நாள். ஆறு கிலோ பன்னீர் திராட்சை, சக்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை கிராம்பு. இருபத்தோரு நாள் தினம் காலையில மரக்கரண்டியால கிண்டணும், கிறிஸ்மஸுக்கு வடிகட்டணும். ஈஸ்ட்டுக்குக் கை பொறுக்கிற சூட்டுல தண்ணி வேணும். அதுக்கு நான் எங்க போனேன்? வேற எங்க போவேன். ஜாடி வாயில கட்டின துணிய எடுத்துப் பார்த்தேன், உள்ள இன்னும் சீறிக்கிட்டுதான் இருக்கு, மூக்குல ஏறுற மாதிரி நல்ல வாசனை. அதுக்கென்ன தெரியும், பாவம், அதுக்குக் கிடைச்ச தண்ணியில அது ஒழுங்கா வேலை செய்யுது. வருஷா வருஷம் ஜெனோதான் தினம் ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பார்ப்பா, துவர்க்குதுங்க, இன்னும் நாலு நாள் போகட்டும்பா. இந்த வருஷம் வாயில வைக்கிறதில்ல, மோந்து மட்டும் பார்க்கிறா. போன வருஷம் இந்த வரிசையில பதினோரு வீட்டுக்கு பாட்டில் குடுத்தோம். பதினோரு வீடும் நல்லா இருக்கு இன்னாசின்னு கையைக் குலுக்கினாங்க. எங்கம்மாவுக்கு ஒரு குட்டி பாட்டில், மூட்டு வலிக்குன்னு ஜூன் மாசம் வரைக்கும் வச்சுக் குடிச்சாங்க. இனிமே எத்தனை கதவைத் தட்டணும்னு யோசிச்சா சிரிப்புதான் வருது. கிறிஸ்மஸ் வாழ்த்துகள், போன வருஷம் நான் குடுத்த பாட்டில்ல பாக்கி இருந்தா கொட்டிடுங்க. கரண்டிய எடுத்தேன், கிண்டாம திரும்ப வச்சேன். ஜாடிய ரெண்டு கையாலயும் தூக்கித் தொட்டியில சாய்ச்சேன். திராட்சைத் தோல் போய் அடைச்சுக்கிச்சு. சிவப்பா நின்னுது, போகவே மாட்டேங்குது. நின்னு பார்க்க முடியல. விரலை விட்டுத் தோலை வாரி வாரி வெளிய போட்டேன், அதுக்கப்புறம்தான் இறங்கிச்சு. பச்சைத் தண்ணிக் குழாயத் திறந்து விட்டுக் கழுவினேன். பயமா இருக்கு. இவ்வளவு நேரம் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தவனுக்கு இப்பதான் பயமா இருக்கு.

தண்ணி கொதிக்குது. தள தளன்னு கொதிக்குது, மூடி ஆடுது. எவ்வளவு நேரமாக் கொதிக்குதோ. பில்டர்ல ஊத்தினேன். இதுக்கு மேல கீசர் ரிப்பேர்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிடலாம், டிகாஷன் இறங்கிடுச்சுன்னா போயிடலாம். ஆனா ரத்தம்? நர்சம்மா சொன்னாங்களே, ரத்தம் குடுத்துப் பார்த்தாத் தெரிஞ்சுடும்னு. உள்ள எவ்வளவு சேர்ந்திருக்குன்னு தெரியாம இந்தப் புள்ளையும் அதையே குடிச்சுக்கிட்டு பதினாலாவது வாரம், பதினஞ்சாவது வாரம்னு போனா? சும்மா ஒரு டெஸ்டுன்னு கூட்டிட்டுப் போனா அவ கேட்பா, என்ன டெஸ்டுன்னு கேட்பா, டாக்டரம்மாவும் கேட்பாங்க, எந்தத் தண்ணி, எத்தனை வருஷமான்னு. பொய் ஒரு வாரம்கூடத் தாங்காது. என் ஜாயிண்ட்டுதான் ஒழுகாது, பொய் ஒழுகும். அந்தக் குழாயத்தான் அவ கொண்டாடினா, அதைப் போட்ட கையத்தான் கொண்டாடினா, அந்தக் கையப் பத்தி என்ன சொல்லப் போறா? அவ பொறந்த வீட்டுக்குப் போயிடுவாளா? போனா போகட்டும், அங்கயாவது கிணத்துத் தண்ணி. சீ, என்ன பேச்சு இது. போயிட்டான்னா நான் என்ன பண்ணுவேன்?

"என்னங்க, இன்னும் கிளம்பலையா?" நிலைப்படியில நிக்கிறா. கொண்டை போட்டுக்கிட்டே, கண்ணு இன்னும் பாதிதான் திறந்திருக்கு. "என்ன அதிசயம், அடுப்பெல்லாம் பத்தவச்சு? ஒயின் வாசம் வேற கும்முனு அடிக்குது."

"கீசர் ரிப்பேர்." வந்துடுச்சு. யோசிக்காமலே வந்துடுச்சு, கைவேலை மாதிரி.

"உங்க கீசரா? உங்க ஒர்க்‌ஷாப்பு ஒழுகினாலும் அது ஒழுகாதுன்னு சொல்வீங்களே, பெருமைக்கார மனுஷா." குழாயத் திருகினா, காத்துதான் வந்துச்சு. சிரிச்சா. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தா. நான் பாலை ஊத்திக் கலந்து நீட்டினேன். ரெண்டு கையாலயும் டம்ளரைப் பிடிச்சு ஒரு வாய் குடிச்சா. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தா. இன்னொரு வாய் குடிச்சா.

"நல்லா இருக்கே."

"தினம் நல்லா இருக்காதா?"

"இருக்கும். சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"தினம் ஒரு வாடை வரும்ங்க. சின்னதுல ஜெபமாலை சிலுவைய வாயில போட்டுச் சப்புவோமே, அந்த மாதிரி. இன்னிக்கு அது இல்ல."

செம்பு. செம்பு வாடை தெரியும். காரீயத்துக்கு வாடை கிடையாது. "எத்தனை நாளா?"

"எப்பவுமேதான். முதல்லேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"நல்லா கேட்டீங்க. காலங்காத்தால எழுந்து எந்த வீட்டுல ஆம்பள பொண்டாட்டிக்குக் காப்பி போட்டுக் கையில குடுக்கிறான்? அதுல போய் நொட்டை சொல்வாங்களா? மாசமா இருந்தாத்தான் வாடை ரொம்பத் தூக்கும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சுடுவேன்." மறுபடியும் சிரிச்சா. ஒரு கை டம்ளர்ல, ஒரு கை வயித்து மேல. முதல் சங்கு ஊதுச்சு. ஊதி முடிக்கிற வரைக்கும் யாரும் பேச முடியாது, இந்தக் காலனியில அது வழக்கம், பாதி வாக்கியத்துல நிறுத்திட்டு அது முடிஞ்சதும் தொடருவோம். "போங்க, போங்க, நேரமாச்சு."

"ஜெனோ, நான் இன்னிக்கு வேலைக்குப் போகல. நாம ஆஸ்பத்திரிக்குப் போறோம். உனக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கணும்."

டம்ளர் அப்படியே நின்னுடுச்சு. சிரிப்பு எங்க போச்சுன்னு தெரியல. "ஏன்? நான் என்ன பண்ணேன்? நான் ஒண்ணும் சாப்பிடலையே. நீங்க குடுத்ததைத் தவிர ஒண்ணுமே சாப்பிடல. சத்தியமா. வண்டியில கூட ஏறல."

அவ முன்னாடி தரையில உட்கார்ந்தேன். தொட்டி ஓரத்துல திராட்சைத் தோல் ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துது.

"நீ ஒண்ணும் பண்ணல. அன்னிக்கும் பண்ணல. பப்பாளி இல்ல, ஜெனோ."

அவ ஸ்டூல்ல அப்படியே திரும்பி ஜன்னலைப் பார்த்தா. திரும்பாமலே கேட்டா, "பின்ன?"

நான் எழுந்து செவுத்துக்கிட்ட போய், முதல் ஜாயிண்ட்டு மேல விரலை வச்சேன்.